பூச்சும் பேச்சும்

சினிமாவுக்கு வர்ணம் வந்த புதிதில் படித்த ரசிகர்கள் அதைச் சற்று இளப்பமாகவே பார்த்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம் கலை, வர்ணப் படம் வேடிக்கை என்று ஒரு பாகுபாடு அவர்கள் மனத்தில் இருந்தது. ஆர்ன்ஹைம் என்ற ஜெர்மானிய விமரிசகர் 1932-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு ஒரு தத்துவமே கட்டிக் கொடுத்தார். உலகத்தை உள்ளபடி காட்டிவிட்டால் அங்கே கலைஞனுக்கு என்ன வேலை? வர்ணம் இல்லை, ஆழம் இல்லை, பேச்சு இல்லை என்கிற குறைகளே சினிமாவைக் கலையாக்குகின்றன என்பது அவர் கட்சி. குறைகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால் கடைசியில் கலையும் நீங்கிவிடும் என்று அவர் பயந்தார்.

இந்தக் கட்சியை நான் அப்படியே ஒப்புக்கொள்ளுகிறவன் அல்ல. ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பது கதை எழுதிப் பழகியவனுக்குத் தெரியும். புதிதாகக் கதை எழுத வருகிறவர்களைப் பாருங்கள். அவர்களுக்குக் கூந்தல் என்று மட்டும் எழுத மனம் வராது, கருங்கூந்தல் என்பார்கள், அதுவும் போதாமல் கார்மேகம் போன்ற கருங்கூந்தல் என்பார்கள். மூன்று அடைமொழிகளைச் சுமந்துகொண்டு அந்தப் பெண் கதையில் ஓர் அடிகூட நகரமாட்டாள். வர்ணம் கையில் கிடைத்ததும் டைரக்டர்கள் பலர் செய்ததும் இதேதான். நீலப் பட்டுத் திரை, ரோஜா நிறச் சுவர், தங்க விளக்கு என்று அடைமொழிகளை அடுக்கினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கதை மட்டும் அதன் நடுவே தேமே என்று உட்கார்ந்திருந்தது.

வர்ணம் அடைமொழியாக நிற்கிற வரையில் ஆர்ன்ஹைம் சொன்னது சரி. அது வினைச்சொல்லாகி, கதையில் ஒரு காரியத்தைச் செய்ய ஆரம்பித்துவிட்டால் அவருடைய வாதம் தோற்றுவிடுகிறது. அப்படித் தோற்கடித்த சில படங்களைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வர்ணம் என்பது பேசும் படத்துக்குப் பிறகு வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். பிரான்ஸில் ஜார்ஜ் மேலியே 1902-ல் எடுத்த சந்திர யாத்திரைப் படத்திலேயே வர்ணம் உண்டு. சில பிரதிகளுக்குப் பெண்கள் உட்கார்ந்து தூரிகையால் ஃபிரேம் ஃபிரேமாகச் சாயம் தீட்டினார்கள். மௌனப் படக் காலத்தில் இரவுக் காட்சி என்றால் பிலிமை நீலச் சாயத்தில் தோய்த்தெடுப்பது சாதாரண வழக்கம், தீப்பிடித்தால் சிவப்பு.

இவற்றில் பெரும்பாலானவை அடைமொழிதான். ஆனால் 1925-ல் ருஷ்யாவில் ஐஸன்ஸ்டைன் எடுத்த 'பொட்டெம்கின்' படத்தில் ஒரு கொடி வருகிறது. கலகம் செய்த மாலுமிகள் போர்க்கப்பலில் செங்கொடி ஏற்றுகிறார்கள். அந்தக் காலத்துப் பிலிமில் சிவப்பு கறுப்பாக விழும். ஆகவே வெள்ளைக் கொடியை ஏற்றிப் படம் பிடித்துவிட்டு, பிறகு அந்தக் கொடியை மட்டும் கையால் சிவப்பாகத் தீட்டினார்கள். கடல் சாம்பல், கப்பல் சாம்பல், மனிதர்கள் சாம்பல். கொடி ஒன்றுதான் சிவப்பு. அந்தச் சிவப்பு 'ஏறுகிறது' என்ற வினையோடு பிறந்தது. கொடியை இறக்கிவிட்டால் படத்தில் வர்ணமே இல்லை.

பிறகு டெக்னிகலர் வந்தது. அந்த முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆர்ன்ஹைமுக்கு அதிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1930-களில் அந்தக் கம்பெனி உண்டாக்கிய காமிரா பெரிய பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே வரும் ஒளியை ஒரு கண்ணாடிப் பட்டகம் பிரித்துக் கொடுக்க, மூன்று பிலிம் சுருள்கள் ஒரே சமயத்தில் ஓடும். மூன்றுமே கறுப்பு வெள்ளைச் சுருள்கள். ஒன்று சிவப்பு ஒளியையும், ஒன்று பச்சையையும், ஒன்று நீலத்தையும் வாங்கிக்கொள்ளும். அப்புறம் அந்த மூன்றிலிருந்தும் அச்சுகள் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சாயத்தில் தோய்த்து, ஒரே பிலிமின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பார்கள். சீட்டித் துணிக்கு அச்சுக் குத்துவது போன்ற வேலை. ஆக, காமிராவுக்குள் வர்ணம் என்பதே கிடையாது; சாயம் ஏறுவதெல்லாம் பட்டறையில்தான். உள்ளதை உள்ளபடி காட்டுகிற கருவி என்று இதை எப்படிச் சொல்வது?

கம்பெனி இந்தக் காமிராவை விற்காது; வாடகைக்குத்தான் கொடுக்கும். காமிராவோடு வர்ண ஆலோசகரும் வருவார். நாடலி கால்மஸ் என்ற அம்மாளின் பெயர் அந்தக் காலத்து டெக்னிகலர் படங்களில் எல்லாம் ஆலோசகர் என்று போடப்பட்டிருக்கும். அவர் 1935-ல் வர்ண உணர்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் பாதி நல்ல புத்திமதி: திரையில் வர்ணத்தை வாரிக் கொட்டாதே, கண் களைத்துப்போகும் என்பது. மற்றப் பாதி அகராதி. சிவப்பு என்றால் ஆபத்து, ரத்தம், காதல். பச்சை என்றால் இயற்கை, புதுமை. இப்படி ஒவ்வொரு நிறத்துக்கும் அர்த்தம் எழுதி வைத்துவிட்டார்.

அந்த 1935-லேயே, மூன்று சுருள் டெக்னிகலரில் முழு நீளமாக எடுத்த முதல் கதைப் படம் வெளிவந்தது. தாக்கரேயின் 'வானிட்டி ஃபேர்' நாவலைத் தழுவிய 'பெக்கி ஷார்ப்'. டைரக்டர் ரூபன் மமூலியன். நாவலைப் படித்தவர்களுக்குப் படம் திருப்தி தராது. எண்ணூறு பக்கத்தை ஒன்றரை மணியில் அடக்கினால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு நடனக் காட்சி உண்டு. வாட்டர்லூ யுத்தத்துக்கு முந்தைய இரவு. பிரஸ்ஸல்ஸ் நகரில் பிரபுக்களும் ராணுவ அதிகாரிகளும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தூரத்தில் பீரங்கிச் சத்தம் கேட்கிறது. ஆட்டம் கலைகிறது, கூட்டம் ஓடுகிறது.

அந்த ஓட்டத்தை மமூலியன் வர்ண வரிசையில் அமைத்தார். மங்கிய நிறங்களும் குளிர்ந்த நிறங்களும் முதலில் வெளியேறுகின்றன. பிறகு மஞ்சளும் ஆரஞ்சும். கடைசியில் அதிகாரிகளின் சிவப்பு உடுப்புகளும் மேலங்கிகளும் திரையை நிறைத்துக்கொண்டு பாய்கின்றன. யோசித்துப் பார்த்தால் இது நடக்கிற காரியமல்ல. பீரங்கி முழங்கினால் முதலில் ஓடவேண்டியவர்கள் அதிகாரிகள்தாம். ஆனால் பார்க்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை. கூடத்தில் சூடு ஏறிக்கொண்டே போவதைத்தான் உணர்கிறோம். இங்கே உடுப்பின் நிறம் உடுப்பை வர்ணிக்கவில்லை. யுத்தம் நெருங்குகிறது என்ற செய்தியைச் சொல்கிறது.

நான்கு வருஷம் கழித்து, 1939-ல் வந்த 'விஸர்ட் ஆஃப் ஆஸ்' படத்தை நம்மில் அநேகர் குழந்தைகளோடு பார்த்திருப்போம். கான்ஸாஸ் பண்ணை முழுவதும் பழைய புகைப்படம் போலப் பழுப்பாக இருக்கிறது. சூறாவளி வீட்டையே தூக்கிக்கொண்டு போய் எங்கோ போடுகிறது. சிறுமி டாரதி பழுப்பு வீட்டுக்குள்ளிருந்து கதவைத் திறக்கிறாள். வெளியே வர்ண உலகம். அந்த ஒரு ஷாட்டை எடுத்த விதம் வேடிக்கையானது. வீட்டின் உட்புறத்தையே பழுப்பாகத் தீட்டி, பழுப்பு உடை போட்ட வேறொரு பெண்ணைக் கதவைத் திறக்கவிட்டு, டெக்னிகலர் காமிராவிலேயே எடுத்தார்கள். அவள் ஒதுங்கிக்கொள்ள, நீல உடையில் ஜூடி கார்லண்ட் வாசலைத் தாண்டி வருகிறாள். வர்ணத்துக்கு இங்கே ஒரு கீல் இருக்கிறது. அது கதவோடு சேர்ந்து திறக்கிறது. அதே படத்தில் பிறகு வரும் மஞ்சள் பாதையும் மரகத நகரமும் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்தக் கதவைப் போல எதுவும் நெஞ்சில் நிற்கவில்லை.

அகராதியை நேராக எதிர்த்தவர் ஐஸன்ஸ்டைன். மஞ்சள் என்றால் இது, சிவப்பு என்றால் இது என்று நிரந்தரமான அர்த்தம் எந்த நிறத்துக்கும் கிடையாது, ஒவ்வொரு படைப்பும் தன் நிறங்களுக்குத் தானே அர்த்தம் தரவேண்டும் என்று அவர் வாதாடினார். அதைச் செய்துகாட்ட அவருக்குக் கிடைத்தது கொஞ்சம் பிலிம். யுத்தத்தில் ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய ஆக்ஃபா வர்ணப் பிலிம் அது. 'பயங்கர இவான்' படத்தின் இரண்டாம் பாகத்தில் விருந்துக் காட்சியை அதில் எடுத்தார். சிவப்பும் பொன்னும் கறுப்புமாக அரசனின் அடியாட்கள் ஆடுகிறார்கள். சிம்மாசனத்துக்குப் போட்டியாக நிறுத்தப்பட்ட தம்பி முறைப் பையன் ஒருவன் குடித்து மயங்கியிருக்கிறான். இவான் அவனுக்குத் தன் ராஜ உடையையே மாட்டி, கிரீடத்தையும் வைத்து, கோயிலுக்கு முன்னால் நடக்கச் சொல்கிறான். அங்கே கொலைகாரன் இவானுக்காகக் காத்திருக்கிறான். பையன் இருட்டை நோக்கி நடக்கும்போது வர்ணம் அணைந்து, படம் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பிவிடுகிறது. பொன் என்றால் பெருமை என்று அகராதி சொல்லும். இங்கே பொன்னை அணிந்தவன் பலி ஆடு. ஸ்டாலினுக்குப் படம் பிடிக்காமல் 1946-ல் தடையாயிற்று. 1948-ல் ஐஸன்ஸ்டைன் காலமானார். 1958-ல்தான் படம் வெளிவந்தது.

இத்தனையும் ஒரு கொடி, ஒரு நடனம், ஒரு கதவு, ஒரு விருந்து. படம் முழுவதும் வர்ணமே கதாபாத்திரமாக நடமாட முடியுமா என்று கேட்டால், அதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் 'பிளாக் நார்ஸிஸஸ்'. ரூமர் காடன் 1939-ல் எழுதிய நாவலை மைக்கேல் பவலும் எமரிக் பிரஸ்பர்கரும் 1947-ல் இங்கிலாந்தில் படமாக்கினார்கள். கதை நடப்பது நம் தேசத்தில், டார்ஜிலிங் பக்கத்து மலையில். கன்னியாஸ்திரீகள் சிலர், ஒரு காலத்தில் ராஜாவின் அந்தப்புரமாக இருந்த மாளிகையில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்த வருகிறார்கள். சுவரில் இன்னும் பழைய சித்திரங்கள் இருக்கின்றன. காற்று ஓயாமல் வீசுகிறது. 'மழை பிடிக்கும்வரை தாக்குப்பிடிப்பீர்கள்' என்கிறார், ஜமீனைப் பார்த்துக்கொள்ளும் டீன் என்ற வெள்ளைக்காரர்.

பவல் இதற்காக இமயமலைக்கு வரவில்லை. பைன்வுட் ஸ்டூடியோவிலும் ஸஸெக்ஸிலுள்ள ஒரு தோட்டத்திலும் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டார். மலைச் சிகரங்கள் சில கண்ணாடியில் எழுதிய சித்திரங்கள். சில, பெரிதாக்கிய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களின்மேல் வர்ணச் சாக்கட்டியால் தீட்டியவை. ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃப் வெர்மீரின் ஓவியங்களைப் பாடமாகக் கொண்டு விளக்கமைத்தவர். அவருக்கும், கலை நிர்மாணம் செய்த ஆல்ஃப்ரட் யுங்கேக்கும் ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

இந்தப் படத்தின் ஆதார நிறம் வெள்ளை. கன்னியாஸ்திரீகளின் அங்கி தூய வெள்ளைகூட இல்லை, சற்றுப் பழுப்பேறிய வெள்ளை. வர்ணத்தைத் துறப்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. நார்மடிப் புடவையும் வெறும் நெற்றியுமாக அடுக்களையிலேயே காலம் தள்ளிய அத்தைகளின் கதை நம் குடும்பங்களில் உண்டு. அவர்கள்மேல் வெள்ளை சுமத்தப்பட்டது. இந்தக் கன்னியாஸ்திரீகள் தாமே விரும்பி ஏற்றார்கள். அந்த வித்தியாசம் பெரியது. ஆனாலும் விட்டுவிட்ட நிறம் எங்கே போகிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. இந்தப் படம் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

அது ஒவ்வொருத்தியிடமும் ஒவ்வொரு வழியில் திரும்பி வருகிறது. தோட்டத்துக்குப் பொறுப்பான வயதான ஸிஸ்டர் பிலிப்பா காய்கறி போடவேண்டிய பாத்தியில் பூச்செடிகளைப் போட்டுவிடுகிறாள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வேறிடத்துக்கு மாற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறாள். ஒரு பூப்பாத்தியை இப்படிப் பாவமன்னிப்புக்குரிய விஷயமாக்கிய படம் வேறு எனக்குத் தெரியாது. மடத்துத் தலைவி ஸிஸ்டர் க்ளோடாவுக்கு, டெபரா கெர் நடித்த பாத்திரம் அது, பிரார்த்தனையின் நடுவே அயர்லாந்து நினைவு வருகிறது. அப்போதுதான் அவளுடைய தலைமயிர் செம்பட்டை என்பது நமக்குத் தெரிகிறது. பாட்டியின் மரகத மாலையைக் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, காதலன் குரல் கேட்டு வெளியே ஓடுகிறாள். அந்தப் பச்சை ஒரு கணம் மின்னுகிறது. அடுத்த கணம் மறுபடி வெள்ளை அங்கி.

மூன்றாமவள் ஸிஸ்டர் ரூத். டீன்மேல் ஆசை வைத்துவிட்டவள். ஒருநாள் இரவு க்ளோடா அவள் அறைக்குப் போகிறாள். அங்கே அங்கி இல்லை. தபாலில் வரவழைத்த கருஞ்சிவப்பு உடையில் ரூத் நிற்கிறாள். இருவரும் எதிரெதிரே உட்காருகிறார்கள். நடுவில் மெழுகுவத்தி. ஒருத்தி பைபிளை எடுத்துக்கொள்கிறாள். மற்றவள் உதட்டுச் சாயத்தை எடுத்து, எதிரே இருப்பவளைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகப் பூசிக்கொள்கிறாள். காத்லீன் பைரனின் உதடு மட்டும் திரை அகலத்துக்குத் தெரிகிறது. மெழுகுவத்தி உருகுகிறது.

சிவப்பு என்றால் காமம், இது கால்மஸ் அம்மாளின் அகராதிதானே என்று ஒருவர் கேட்கலாம். அகராதியில் உள்ள சொல்தான். எந்த வாக்கியத்தில் வருகிறது என்பதைப் பார்க்கவேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேலாக நம் கண்ணை வெள்ளைக்குப் பழக்கிவிட்டு இந்தச் சிவப்பைக் காட்டுகிறார் பவல். அதைவிட முக்கியம், எதிரே உட்கார்ந்திருப்பவள் யார் என்பது. அவளும் ஒரு காலத்தில் மரகதம் அணிந்தவள். ரூத் பூசிக்கொள்வதைப் பார்த்து அவள் திகைப்பது வேறொருத்தியின் பாவத்தைக் கண்டு அல்ல. தான் புதைத்து வைத்தது எதிரே எழுந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு. வெறும் சிவப்பு இதைச் சொல்லாது. பச்சையை நினைவில் வைத்திருப்பவளுக்கு முன்னால் பூசப்படுகிற சிவப்பு சொல்கிறது.

பிறகு ரூத் டீனிடம் ஓடுகிறாள். அவர் மறுக்கிறார். அவள் கண்ணில் உலகமே சிவப்பாகித் திரை முழுவதும் சிவப்பு நிரம்புகிறது. விடியற்காலையில், மலை விளிம்பிலுள்ள மணியை க்ளோடா அடித்துக்கொண்டிருக்கும்போது, கண் சிவந்து முகம் வெளுத்து அவள் திரும்பி வருகிறாள். இந்தப் பகுதிக்கு பிரையன் ஈஸ்டேல் முன்கூட்டியே சங்கீதம் அமைத்து, அதற்கு ஏற்றபடி படம் பிடித்தார்கள். வசனம் கிட்டத்தட்ட இல்லை. தேவையும் இல்லை.

இவ்வளவு மெச்சிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மைசூரிலிருந்து போன ஸாபு இளைய ஜெனரலாக வருகிறார். லண்டன் கடையில் வாங்கிய அவருடைய வாசனைத் திரவியத்தின் பெயர்தான் படத்தின் பெயரும். ஆனால் காஞ்சி என்ற மலைப் பெண்ணாக வருவது ஜீன் சிம்மன்ஸ். வயோதிக ஜெனரலும் ஆயாவும்கூட வெள்ளைக்காரர்களே. எல்லாரும் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு வருகிறார்கள். கறுப்பு வெள்ளையில் இது ஒருவேளை தப்பித்திருக்கும். உதட்டின் சிவப்பையும் பாத்தியின் பூவையும் அவ்வளவு கவனமாகப் பார்த்த காமிராவின் முன்னால் இந்தப் பொய் நிற்கவில்லை. வெள்ளைக்காரிகளின் மனத்துக்கு வர்ணத்தால் பேசத் தெரிந்த படம், அந்த மலையில் பிறந்தவர்களுக்கு வர்ணத்தைப் பூசியதோடு விட்டுவிட்டது. அடைமொழிக்கும் வினைக்கும் உள்ள தூரத்தை ஒரே படத்துக்குள் அளந்து பார்க்க வேண்டுமானால் இங்கே பார்க்கலாம்.

படம் வெளிவந்த வருஷத்திலேயே ஆங்கிலேயரும் நம் நாட்டை விட்டுப் புறப்பட்டார்கள் என்பதைப் பலரும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அது தற்செயலாகவே இருக்கட்டும். கடைசிக் காட்சியில் கன்னியாஸ்திரீகள் மலையிறங்குகிறார்கள். க்ளோடா திரும்பிப் பார்க்கும்போது மேகம் வந்து மாளிகையை மூடுகிறது. அத்தனை நிறமும் மறுபடி வெள்ளைக்குள் போய்விடுகிறது. டீன் வழியனுப்ப நிற்கிறார். அப்போது அகலமான பச்சை இலைகளின்மேல் மழை விழ ஆரம்பிக்கிறது. முதலில் ஒரு துளி, பிறகு சில, பிறகு சடசடவென்று. அவர் வைத்த கெடு சரியாக இருந்துவிட்டது. அவர் முகத்தில் வெற்றி பெற்ற அடையாளம் எதுவும் இல்லை. இலையும் நனைந்த பச்சையாக, இலை மாதிரியே இருக்கிறது.